பிளக்கு குத்தவாளி இல்லீங்க, சாட்சி!

ரொம்ப நாளா உள்ளுக்குள்ளயே வச்சிருந்த எரிச்சல் இது. இன்னைக்குக் கொட்டிடறேன். வண்டி வாகனத்துல ஆர்வம் இல்லாதவங்க இப்பவே அப்பீட் ஆயிக்கலாம், கோச்சுக்க மாட்டேன். ஆனா வீட்டு வாசல்ல ஒரு டூவீலராவது நிக்குதுன்னா கொஞ்சம் இருந்து படிச்சுட்டுப் போங்க. காசு மிச்சமாகும்.

மேட்டர் ஸ்பார்க் பிளக். கட்டை விரல் தண்டி ஒரு பீங்கான் சாமான். வண்டி ஸ்டார்ட் ஆகலையா? பிளக்கை மாத்து. மிஸ்ஸிங் அடிக்குதா? பிளக்கை மாத்து. பிக்கப் இல்லையா, மைலேஜ் கொறஞ்சு போச்சா? பிளக்கை மாத்து. நம்ம ஊரு பட்டறைகள்ல இதைவிட அதிகமா அடி வாங்கின அப்பாவி வேற யாரும் கிடையாது. மாத்தறதாவது பரவால்ல. கழட்டின பழைய பிளக்கை ஒரு தடவைகூட உத்துப் பாக்காம குப்பையில வீசறாங்களே, அங்கதான் எனக்குக் கெட்ட கோபம் வருது. கொலை நடந்த வீட்டுல கண்ணால பார்த்த ஒரே சாட்சியைப் புடிச்சு நாடு கடத்துறது மாதிரி இருக்கு.

கதைக்கு வர்றேன்.

நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஸ்போர்ட்ஸ் காருன்னா ஃபெராரியா வரப்போகுது? 2001-ல வந்த பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ், 2013-ல வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2015-ல வந்த அபார்த் புன்ட்டோ, 2017-ல வந்த பலேனோ ஆர்எஸ்... இந்த மாதிரி குட்டிக் காருக்குள்ள கொஞ்சம் பெரிய மனசு வச்சதுதான் நமக்கு ஸ்போர்ட்ஸ் கார். இப்ப இதுல ஒண்ணுகூட ஷோரூம்ல புதுசா கிடைக்காது, எல்லாம் நின்னு போச்சு. அதனாலயே செகண்ட் ஹேண்ட்ல இதுங்களுக்குத் தனி மவுசு.

என் கூட்டாளி ஒருத்தன் அந்த மாதிரி ஒரு டர்போ பெட்ரோல் காரை லோன் போட்டு வாங்கினான். (எந்தக் காருன்னு சொல்லப் போறதில்ல. தப்பு காரு மேல இல்ல.) சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில்ல பூஜை போட்டு, சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் நசுக்கி ஊருக்குள்ள கொண்டாந்தான். வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், நடுவுல ரெண்டு கிலோமீட்டர். காலைல போறது, மத்தியானம் சாப்பாட்டுக்கு வர்றது, திரும்பப் போறது, ராத்திரி வர்றது. வாரத்துல ஒரு நாள் அரியலூர்ல மாமியார் வீடு. அவ்ளோதான் அந்தக் காரோட மொத்த உலகம்.

அப்ப எவனோ அவன் காதுல ஓதிட்டான். "மாப்ள, கம்பெனி பிளக்கெல்லாம் வேஸ்ட். ரேஸிங் இரிடியம் போடு, அதுலயும் ரெண்டு ஸ்டெப் கோல்டு பிளக்கா போடு. கார் பிச்சிக்கிட்டுப் போகும்." பெரிய ஊருல ஒரு கடையில போய் மாட்டிக்கிட்டு வந்தான். நாலு பிளக்கு, நாலாயிரம் சொச்சம்.

முதல் வாரம் கார் பறக்குதுன்னான். (காசு குடுத்தவனுக்குப் பறக்கத்தான் செய்யும்.) மூணாவது மாசம் மிஸ்ஸிங். காலைல ஸ்டார்ட் பண்ணா ஒரு உலுக்கு உலுக்கும். ஒரு பட்டறைக்குப் போனான். "பிளக் போச்சு சார்." அதே ரகம் புது செட். ரெண்டு மாசத்துல திரும்ப மிஸ்ஸிங். இன்னொரு பட்டறை. "டூப்ளிகேட் பிளக் மாட்டிட்டாங்க சார், நான் ஒரிஜினல் போடறேன்." மறுபடி அதே ரகம். மூணு செட்டு, பன்னெண்டு பிளக்கு. கழட்டினதுல ஒண்ணையாவது யாராச்சும் வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தாங்களா? அதான் இல்ல.

கடைசியா ஒரு நாள் ராத்திரி மாமியார் வீட்டுல இருந்து திரும்பி வரும்போது குன்னம் பக்கத்துல எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கோங்க மக்களே: அந்த லைட்டு சும்மா எரிஞ்சா "நேரம் கிடைக்கும்போது வந்து பாரு"ன்னு அர்த்தம். கண் சிமிட்டினா "உடனே ஓரம் கட்டு"ன்னு அர்த்தம். நம்மாளு ஓரம் கட்டல. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, அந்த நேரத்துல பஸ்சுக்கும் நிக்க முடியாதுன்னு வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டான். எரியாத பெட்ரோல் எல்லாம் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள்ள எரிஞ்சு, உள்ள இருக்கற தேன்கூடு மாதிரியான சமாச்சாரம் உருகி அடைச்சுக்கிச்சு. அதோட விலைக்கு அவன் வாங்கின பிளக்கு மாதிரி இன்னும் பத்து செட்டு வாங்கியிருக்கலாம். ரெண்டு மாசம் லோன் தவணை கட்ட முடியாம முழிச்சான்.

அப்பதான் பாலக்கரை பக்கம் பட்டறை வச்சிருக்கற ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட நான் கூட்டிட்டுப் போனேன். வயசானவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கழட்டின பழைய பிளக்கெல்லாம் எங்க?"

எங்க இருக்கு? எட்டு போயே போச்சு. எஞ்சின்ல இருந்த கடைசி நாலைக் கழட்டி, சிலிண்டர் வரிசைப்படி ஒரு பழைய பேப்பர்ல வச்சார். நாலுமே காய்ஞ்ச கருப்பு, தொட்டா விரல்ல ஒட்டற அடுப்புக்கரி மாதிரி. "நாலும் ஒரே மாதிரி கருப்பா இருந்தா காயில் மேல சந்தேகம் கொறைச்சல். காயில் போயிருந்தா ஒண்ணு மட்டும்தான் கெட்டிருக்கும். இது பிளக்கு சூடே ஆகல. நீங்க எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"ன்னார். ரெண்டு கிலோமீட்டர்னு சொன்னதும் சிரிச்சார். மேனுவல்ல போட்டிருந்த ரகத்தை வரவழைச்சு மாட்டினார். போற வர்ற வழியில வாரத்துக்கு ரெண்டு தடவை ரோட்டுல நல்லா ஓட்டச் சொன்னார். அதோட சரி. இன்னைக்கு வரைக்கும் மிஸ்ஸிங் இல்ல.

இதுல என்ன மாயம் இருக்கு? ஒண்ணும் இல்ல. கொஞ்சம் எஞ்சினுக்குள்ள போவோம்.

பிளக்கோட மூக்கு, அதாவது எஞ்சினுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற முனை, வேலை செய்யும்போது தோராயமா 450 டிகிரி செல்சியஸ்ல இருந்து 850 டிகிரி வரைக்கும் இருக்கணும். 450-க்குக் கீழ போனா மேல படியற கரியைத் தானே எரிச்சுச் சுத்தம் பண்ணிக்க முடியாது. கரி படியும், மின்சாரம் பொறியா தாவறதுக்குப் பதிலா அந்தக் கரி வழியா ஒழுகிப் போயிரும். 850-ஐ ரொம்பத் தாண்டினா முனையே கங்கு மாதிரி சிவந்து, பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோலைப் பத்த வச்சிரும். அப்புறம் பிஸ்டன்ல ஓட்டை விழறவரைக்கும் கொண்டுபோய் விடும்.

இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல பிளக்கை நிறுத்தறதுதான் ஹீட் ரேஞ்ச்ங்கற விஷயம். உள்ள இருக்கற பீங்கான் மூக்கு நீளமா இருந்தா சூடு சீக்கிரம் வெளிய போகாது, அது ஹாட் பிளக். கட்டையா இருந்தா சூடு சட்டுனு இறங்கிடும், அது கோல்டு பிளக். ஒரு ஸ்டெப் மாத்தினா முனையோட சூடு சுமார் 70-ல இருந்து 100 டிகிரி வரைக்கும் மாறும். நம்மாளு ரெண்டு ஸ்டெப் இறக்கினான். அதுக்கு மேல ரெண்டு கிலோமீட்டர் ஓட்டம், எஞ்சின் முழுசா சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிடறான். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலா வேற போகும். பிளக் கருக்காம என்ன செய்யும்?

இப்ப பீலா விடறவங்க ஒவ்வொருத்தரா வாங்க.

"ரேஸ்ல கோல்டு பிளக்குதானே போடறாங்க?"

போடறாங்க சாமி. ஏன்னா அங்க ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கறதே இல்ல. சோழவரத்துல பழைய யுத்த கால விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்த காலம் இருந்துச்சு. 1990-ல இருங்காட்டுக்கோட்டையில தனி டிராக் வந்துச்சு. கோயமுத்தூர் கரிவர்தன் மாருதி எஞ்சினை வச்சு ஃபார்முலா மாருதி கட்டினார், அவர் பேருல செட்டிப்பாளையத்துல ஒரு டிராக்கே இருக்கு. அதே கோயமுத்தூர்ல இருந்து நரேன் கார்த்திகேயன் 2005-ல ஃபார்முலா ஒன்னுக்கே போனார். நமக்கு எல்லாருக்கும் பெருமைதான். ஆனா ரேஸ்காரன் பிளக்கை மாட்டிட்டு சும்மா இருக்க மாட்டான். முழு வேகத்துல ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்தி, ஓரமா ஒதுக்கி பிளக்கைக் கழட்டி அதோட முகத்தைப் பாப்பான். பிளக் சாப்புன்னு அதுக்குப் பேரு. அவன்கிட்ட கத்துக்க வேண்டியது அந்தப் பார்க்கிற பழக்கத்தை. நாம பழக்கத்தை விட்டுட்டு பிளக்கை மட்டும் காப்பி அடிக்கறோம்.

இருங்காட்டுக்கோட்டைக்குச் சரியான பிளக்கு, கடைவீதியில ரெண்டாவது கியர்ல ஊர்ந்து போற காருக்குத் தப்பான பிளக்கு. இன்னைக்கு டர்போ காருல கம்ப்யூட்டரை ரீமேப் பண்ணி பூஸ்ட் ஏத்தினவங்களுக்கு ஒரு ஸ்டெப் கோல்டு தேவைப்படலாம். அதையும் ரீமேப் பண்ணினவரே சொல்லுவார். மத்தவங்களுக்கு அது வீண் வேலை.

"இரிடியம் போட்டா பவர் ஏறும்."

ஏறாது. நல்லா இருக்கற சாதா பிளக்கைக் கழட்டிட்டு நல்லா இருக்கற இரிடியம் போட்டா உங்க முதுகுக்குத் தெரியற மாதிரி எதுவும் நடக்காது. தேய்ஞ்சு போன பிளக்கைக் கழட்டிட்டுப் புதுசு போட்டா வித்தியாசம் தெரியும், அது சாதா பிளக்கு போட்டாலும் தெரியும். இரிடியத்தோட பெருமை வேற. அது 2,400 டிகிரிக்கு மேலதான் உருகும். நிக்கல் 1,455 டிகிரியிலேயே உருகிடும். அதனால முனையைக் குண்டூசி மாதிரி மெலிசா செய்யலாம், கொஞ்சம் கம்மி வோல்டேஜ்லயே பொறி தாவும், தேய்மானம் கம்மி. சாதா பிளக்கு ஒரு இருபது முப்பதாயிரம் கிலோமீட்டர்ல களைச்சுப் போகும்னா, இரிடியம் லட்சத்தைத் தொடக்கூட வாய்ப்பிருக்கு. கம்பெனியே இரிடியம் போட்டு அனுப்பின காருக்கு மலிவா இருக்குன்னு சாதா பிளக்கு மாட்டறதும் தப்புதான். நீண்ட ஆயுளுக்காக வாங்கறீங்களா, தாராளமா வாங்குங்க. பவருக்காகன்னா அந்தக் காசுக்கு டயர்ல காத்து அடிச்சு, மீதிக்குப் பரோட்டா சாப்பிடுங்க.

(இரிடியம்னு சொன்னதும் ஒரு சின்ன கிளைக்கதை. 1980-ல ஆல்வரெஸ்னு அப்பாவும் மகனும், கூட்டாளிகளோட சேர்ந்து, இத்தாலியில ஒரு களிமண் அடுக்குல இரிடியம் தாறுமாறா இருக்கறதைக் காட்டி, டைனோசர் காலத்தை முடிச்சு வச்சது விண்கல்லுதான்னு சொன்னாங்க. அந்த டைனோசர் காலத்துக் கடலோட அடித்தரைதான் நம்ம அரியலூர் மண்ணு. சுண்ணாம்புக்கல்லும், காரை, சாத்தனூர் பக்கத்துக் கல்மரமும் புதைபடிவமும் எல்லாம் அந்தக் காலத்துச் சொத்து. அதனால இரிடியம்னு பேரைச் சொல்லி எங்க ஊர்க்காரனை மட்டும் மிரட்டாதீங்க :-))

"நம்ம ஊரு வெயிலுக்குக் கோல்டு பிளக்குதான் லாயக்கு."

மே மாசம் நாப்பது டிகிரி அடிக்குது, ஒத்துக்கறேன். ஆனா சிலிண்டருக்குள்ள எரியும்போது சூடு 2,000 டிகிரியைத் தாண்டும். அதுக்கு முன்னால வெளிய பத்து டிகிரி கூடறதும் கொறையறதும் எம்மாத்திரம்? இந்தியாவுல விக்கற காருக்கு மேனுவல் எழுதினவனுக்கு நம்ம ஊரு வெயிலு தெரியாதா?

"நம்பர் பெருசா இருந்தா நல்ல பிளக்கு."

இதுதான் உச்சகட்டக் காமெடி. என்ஜிகேயிலயும் டென்சோவிலயும் நம்பர் ஏற ஏற கோல்டு. பாஷ்லயும் சாம்பியன்லயும் நம்பர் ஏற ஏற ஹாட். ஒரு கம்பெனியோட ஆறை எடுத்துட்டு இன்னொரு கம்பெனியோட ஏழை "ஒரு நம்பர் கூட"ன்னு போட்டா நீங்க எந்தப் பக்கம் போறீங்கன்னு உங்களுக்கே தெரியாது. பிளக்கு மேல எழுதியிருக்கறது ராக்கெட் ரகசியம் இல்ல. என்ஜிகே பிபிஆர்6இஎஸ்னு ஒண்ணை எடுத்துக்கோங்க. முதல் பி-ன்னா 14 மில்லிமீட்டர் மரை. அடுத்த பி-ன்னா மூக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற ரகம். ஆர்-ன்னா ரேடியோ இரைச்சலையும் கம்ப்யூட்டர் குழப்பத்தையும் தடுக்கற ரெசிஸ்டர். 6 ஹீட் ரேஞ்ச். இ-ன்னா மரையோட நீளம் 19 மில்லிமீட்டர். எஸ் சாதா ரகம். இந்த நீளம் முக்கியம். நீளம் கூடின பிளக்கை மாட்டினா பிஸ்டன் வந்து முட்டும். கொறைஞ்சதை மாட்டினா மிச்ச மரையில கரி படிஞ்சு அடுத்த தடவை சரியான பிளக்கு உள்ள போகாது. "மாட்டிப் பார்த்தேன், பொருந்திச்சு"ங்கறது செருப்புக் கடையில சொல்ற வசனம். இங்க செல்லாது.

சரி, இது ஸ்போர்ட்ஸ் கார்க்காரன் பிரச்சினை, நமக்கென்னன்னு ஒதுங்கறவங்களுக்கு: டூவீலர்லயும் இதே கூத்துதான்.

1985-ல வந்து 1996 வரைக்கும் ஓடின ஆர்எக்ஸ் 100 வச்சிருந்த அண்ணன்மாருங்க டூல் பாக்ஸ்ல ஒரு பிளக் ஸ்பானரும் ஒரு ஸ்பேர் பிளக்கும் இல்லாம வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டாங்க. டூ ஸ்ட்ரோக், ஆயிலும் சேர்ந்து எரியற வண்டி, பிளக்கு ஈரமாகறது சகஜம். ரோட்டோரத்துல கழட்டி, பாத்து, துடைச்சு மாட்டிட்டுப் போவாங்க. ஒவ்வொருத்தனும் அரை மெக்கானிக். அப்புறம் 2003-ல பல்சர்ல ரெட்டை பிளக்கு வந்துச்சு, 2012-ல 200 என்எஸ்ல மூணு பிளக்கு வந்துச்சு. ரெட்டை பிளக்குல ஒண்ணு செத்தாலும் வண்டி ஓடும், கொஞ்சம் மந்தமா. அதனால எத்தனையோ பேரு ஒத்தைப் பிளக்குலயே வருஷக் கணக்கா ஓட்டிட்டு மைலேஜ் இல்லைன்னு பெட்ரோல் பங்க்கைத் திட்டிட்டு இருந்தாங்க. உள்ள தள்ளி இருக்கற ரெண்டாவது பிளக்கைக் கழட்டறது கஷ்டம்னு பல பட்டறையில தொடறதே இல்ல. மேல இருக்கறதை மட்டும் மாத்திட்டு முடிஞ்சுதுன்னுடுவாங்க.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு ஸ்பெஷல் இருக்கு. தூசி. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் லாரியுமா இருக்கற மாவட்டம் அரியலூர். ஒரு லாரிக்குப் பின்னால அஞ்சு நிமிஷம் போனா தலைமுடி நரைச்சிடும். அந்தத் தூசி ஏர் ஃபில்டரை அடைக்கும். பழைய கார்புரேட்டர் வண்டியில காத்து கொறைஞ்சா பெட்ரோல் விகிதம் கூடும், பிளக்கு கருக்கும், வண்டி நின்னு போகும். பட்டறையில புது பிளக்கு மாட்டுவாங்க. ரெண்டு வாரத்துல அதுவும் கருக்கும். பிளக்கு கத்தி கத்திச் சொல்லுது, "எனக்கு மூச்சு முட்டுதுடா, காத்தைப் பாருடா"ன்னு. அறுபத்தஞ்சு, எழுபது மில்லியன் வருஷத்துக்கு முன்னாடி செத்த நத்தையோட ஓடு பொடியாகி ஃபில்டரை அடைச்சுக்கிட்டு இருக்கு, நீங்க பிளக்கைத் திட்டறீங்க! இஞ்சக்‌ஷன் வண்டியில சென்சார் பாத்து பெட்ரோலைக் கொறைச்சுக்கும், அதனால பிளக்கு அவ்வளவா கருக்காது. ஆனா பிக்கப் போயிரும். அங்கயும் பழி பிளக்கு மேலதான்.

அந்தத் தூசியால இன்னொரு ஆபத்து இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. பிளக்கு உக்காந்திருக்கற குழியில தூசியும் மணலும் சேர்ந்திருக்கும். அப்படியே பிளக்கைக் கழட்டினா அவ்வளவும் சிலிண்டருக்குள்ள விழும். உள்ள போன மண்ணு சும்மா இருக்குமா, உப்புத்தாள் வச்சு தேய்க்கற மாதிரி சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். ஐநூறு ரூவா பிளக்கை மாத்தப் போய் எஞ்சினுக்கே ஆயுளைக் கொறைக்கற வேலை. கழட்டறதுக்கு முன்னாடி காத்தடிச்சுக் குழியைச் சுத்தம் பண்ணணும். இந்த ஊருல இது சட்டமா இருக்கணும். எத்தனை பட்டறையில பண்றாங்கன்னு நீங்களே நின்னு பாருங்க.

மாத்தற முறையையும் சொல்லிடறேன், சண்டை போட உதவும். எஞ்சின் ஆறணும். இப்பல்லாம் ஹெட்டு அலுமினியம், சூடா இருக்கும்போது திருகினா மரை பிச்சிக்கிட்டு வந்துரும். காயிலையோ ஒயரையோ புடிச்சு இழுக்காம, லேசாத் திருகி எடுக்கணும். புது பிளக்கை முதல்ல கையாலதான் சுத்தணும். ஒரு துண்டு ரப்பர் ஹோஸை மேல சொருகிச் சுத்தினா இன்னும் நல்லது, மரை ஏறுக்கு மாறா ஏறினா ஹோஸ் வழுக்கிக் காட்டிக் குடுத்துரும். கடைசியில டார்க் ரென்ச். 14 மில்லிமீட்டர் வாஷர் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டுல சுமார் 25-ல இருந்து 30 நியூட்டன் மீட்டர். ரென்ச் இல்லையா, வாஷர் உக்காந்த பிறகு புது பிளக்குன்னா அரைச் சுத்துல இருந்து முக்கால் சுத்துக்குள்ள நிறுத்திடணும். நீளமான பைப்பை ஸ்பானர்ல சொருகி, காலை ஊனி, "ம்ம்ம்"னு முக்கி இறுக்கறது லாரி வீல் நட்டுக்குப் பண்ற வேலை. மரை போச்சுன்னா ஹெலிகாயில் போடணும், இல்ல ஹெட்டையே மாத்தணும்.

கேப்பு எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும். சாதா பிளக்குல ஃபீலர் கேஜ் வச்சு சரி பண்ணலாம். இரிடியம் முனையை நெம்பாதீங்க, உடைஞ்சிரும். உப்புத்தாள், கம்பி பிரஷ் ரெண்டும் அது பக்கமே போகக்கூடாது. பிளக்கு கீழ விழுந்து "டங்"னு சத்தம் கேட்டுச்சுன்னா பீங்கான்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், துடைச்சு மாட்டற வேலை வேணாம்.

இனி சாட்சி சொல்றதைக் கேளுங்க. முனை வெளிர் பழுப்பா, சாம்பல் கலந்த நிறமா இருந்தா எஞ்சின் சௌக்கியம். காய்ஞ்ச கருப்புன்னா பெட்ரோல் அதிகம், இல்ல காத்து கம்மி, இல்ல பிளக்கு ரொம்ப கோல்டு, இல்ல குட்டி குட்டி ஓட்டம். ஈரமா எண்ணெய்ப் பிசுக்குன்னா ரிங், வால்வு சீல் பக்கம் பாருங்க. வெள்ளை வெளேர்னு கொப்புளம் போட்டிருந்தா எஞ்சின் கொதிக்குது, உடனே கவனிங்க. நாலுல ஒண்ணு மட்டும் வேற முகமா இருந்தா அந்த சிலிண்டரோட காயிலையோ இஞ்சக்டரையோ விசாரிங்க. காயிலை பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் பாருங்க. மிஸ்ஸிங்கும் கூடவே போச்சுன்னா ஆள் மாட்டிக்கிட்டான். இஞ்சக்‌ஷன் வண்டியில நிறம் அவ்வளவு அழுத்தமாத் தெரியாது, ஆனா வரிசையா வச்சா வித்தியாசம் தெரியும். இவ்வளவுதான். அஞ்சு நிமிஷ வேலை.

அஞ்சு நிமிஷ வேலையை ஏன் யாரும் செய்யறதில்லைன்னு அந்த பாலக்கரை அண்ணன்கிட்டயே கேட்டேன். அவர் சொன்னது என்னைச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

"தம்பி, வண்டியைக் கொண்டாந்து விடறாங்க. நான் ஒரு மணி நேரம் பாத்து, பிளக்கு நல்லாத்தான் இருக்கு, ஃபில்டர்ல தூசின்னு தட்டிக் குடுத்தேன்னு வையுங்க. எவ்வளவுன்னு கேப்பாங்க. இருநூறுன்னா, எதையுமே மாத்தல, எதுக்கு இருநூறுங்கறாங்க. அதே நான் ரெண்டாயிரத்துக்கு பிளக்கு மாத்தினா கேக்காம குடுக்கறாங்க. நானும் புள்ளகுட்டிக்காரன்தானே?"

இப்ப சொல்லுங்க, குத்தவாளி யாரு? இவ்வளவு நேரம் பட்டறைக்காரனையும் கடைக்காரனையும் போட்டுத் தாளிச்சேன், சரி. ஆனா சாமானுக்குக் காசு குடுக்கறோம், தெரிஞ்ச புத்திக்குக் காசு குடுக்க மாட்டேங்கறோமே, அந்தத் தப்பு யாருது? டப்பாவுல வந்தா மரியாதை. கண்ணால பாத்து, கையால தொட்டு, முப்பது வருஷ அனுபவத்துல சொன்னா "சும்மா பாத்ததுக்கெல்லாம் காசா?" பாக்கறவனுக்குக் கூலி இல்லாத ஊருல மாத்தறவன்தான் பெருகுவான். என் கூட்டாளி மூணு செட்டு பிளக்குக்கும் கன்வர்ட்டருக்கும் அழுத காசுல நூத்துல ஒரு பங்கை அன்னைக்கே அந்த அண்ணனுக்குக் குடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. அப்ப நானும் கூடத்தான் இருந்தேன், "முதல்ல பிளக்கை மாத்திப் பாருடா"ன்னு நானும் ஒரு தடவை சொன்னவன்தான். அதையும் ஒத்துக்கறேன்.

கார் பத்தி எழுதற நண்பர்களே, நமக்கும் இதுல பங்கிருக்கு. "இரிடியம் போட்டேன், வண்டி சும்மா ஜிவ்வுன்னு போகுது"ன்னு ஒரு வரி எழுதறது சுலபம். எந்த எஞ்சின், எவ்வளவு ஓட்டம், கழட்டின பிளக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதினாத்தான் அது படிக்கறவனுக்கு உபயோகம். நாம விடற ஜல்லியை நம்பி லோன் போட்டவன் ஒருத்தன் காசைக் கரைக்கறான்.

ஒரு கணக்கு சொல்றேன். பெரம்பலூர்ல இருந்து அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். நிதானமா, ரெண்டாயிரம் சுத்துல எஞ்சினை ஓட்டிட்டுப் போனா, போய்ச் சேர்றதுக்குள்ள ஒவ்வொரு பிளக்கும் முப்பதாயிரம் தடவைக்கு மேல பொறி விட்டிருக்கும். ஒவ்வொரு பொறிக்கும் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல. எஞ்சினுக்குள்ள நடந்த அத்தனையையும் பக்கத்துல இருந்து பாத்தது அது ஒண்ணுதான். அதைப் பேச விடாம குப்பையில போடறதுக்கு நமக்கு எப்படி மனசு வருது?

அதனால மூணே மூணு வேண்டுகோள். பிளக்கு மாத்தினா பழசைக் கேட்டு வாங்குங்க, எந்த சிலிண்டர்னு எழுதி வாங்குங்க. மேனுவல்ல போட்டிருக்கற ரகத்தைத் தாண்டி மாட்டணும்னு எவனாவது சொன்னா ஏன்னு ஒரு காரணம் கேளுங்க. எதையும் மாத்தாம வண்டியைச் சரி பண்ணிக் குடுத்த மெக்கானிக்குக்கு, அவர் கேட்டதைவிட அம்பது ரூவா சேர்த்துக் குடுங்க.

கூட்டாளி இப்ப அந்த நாலு கருப்புப் பிளக்கையும் கார் டேஷ்போர்டு பெட்டிக்குள்ளயே வச்சிருக்கான். பில்லை விட அதுதான் ஞாபகத்துல நிக்குதாம்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல, ஸ்பானர் புடிச்சா ரெண்டு விரலாவது நசுங்கும். சொன்னதுல தப்பு இருந்தா திருத்துங்க, கும்மணும்னாலும் தாராளமா கும்முங்க. ஆனா "இரிடியம் போட்டா பவர் ஏறும்"னு மட்டும் வராதீங்க. அழுதுருவேன் :-)